பாஸ்தா பண்டிதர்

கையால் இழைத்த பாஸ்தாவைக் கட்டுபடியாகிற விலைக்குப் போடும் சின்னக் கடைகள் லண்டனில் நிறைய முளைத்துவிட்டன. 2016-இல் பரோ மார்க்கெட் ஓரத்தில் படெல்லா என்ற கடை திறந்தபோது, முன்பதிவெல்லாம் கிடையாது, வரிசையில் நில்லுங்கள் என்றார்கள். ஊரே நின்றது. அப்புறம் வந்த கடைகள் பலவற்றுக்கும் அதே வழிதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாவு பிசைகிறார்கள், இந்தப் பக்கம் நாம் மழையில் நனைகிறோம்.

அந்த வரிசையில் விளைகிறவர்தான் பாஸ்தா பண்டிதர். ஒரே ஒரு வாரம் இத்தாலியின் பொலோன்யா நகருக்குப் போய் வந்தவர். காசிக்குப் போனவர்கள் கத்தரிக்காயை விட்டுவிட்டு வருவதுபோல இவர் க்ரீமை விட்டுவிட்டு வந்திருக்கிறார். “கார்பனாராவில் க்ரீம் ஊற்றுகிறவன் வீட்டில் நான் கை நனைக்க மாட்டேன் தம்பி!”

எனக்கு வாய்த்த பண்டிதர், வரிசை ஓரடி நகர்ந்தால் ஒரு நூற்றாண்டு நகர்வார். போன சனிக்கிழமை பாடம், டாலியாடெல்லே என்கிற நாடா பாஸ்தா. 1972-இல் இத்தாலிய சமையல் கழகம் அதன் அகலத்தைப் பொலோன்யா வர்த்தக சபையில் பதிவே செய்து வைத்ததாம். வெந்த பிறகு 8 மில்லிமீட்டர். அதாவது, அந்த ஊர் அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270-இல் ஒரு பங்கு. தங்கத்தில் ஒரு மாதிரி செய்தும் வைத்திருக்கிறார்களாம். இத்தனையும் உண்மை. அவரிடம் தொல்லையே அதுதான். பொய்யாக இருந்தால் மறுத்துப் பேசியாவது பொழுதைப் போக்கலாம்.

ஐம்பது நிமிஷம் கழித்து உள்ளே விட்டார்கள். முதுகு சாய இடமில்லாத உயர ஸ்டூல். எதிரே ஒரு பையன் மஞ்சள் மாவைத் திரட்டிக்கொண்டிருந்தான். “நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை” என்று பண்டிதர் அவனுக்கே சொல்லிக்கொடுத்தார். ஆர்டர் எடுக்க வந்த பெண்ணிடம், “அல் டென்டே, பல்லில் கடிபட வேண்டும்” என்று உத்தரவு வேறு.

இங்கேதான் பண்டிதர் சறுக்கினார். அல் டென்டே என்பது காய்ந்த பாஸ்தாவின் பக்குவம். முட்டை போட்டு அன்றன்றைக்கு இழைத்தது இரண்டு மூன்று நிமிஷத்தில் வெந்து மெத்தென்று வர வேண்டியது. இடியாப்பத்தை முறுகலாகக் கொண்டு வா என்பது மாதிரி! அந்தப் பெண் சிரித்துவிட்டுப் போனாள். தினம் நாலு பண்டிதர்களைப் பார்க்கிறவள்.

தட்டு வந்தது. பண்டிதர் சட்டைப்பையிலிருந்து ஒரு ஸ்கேலை எடுத்தார். மகனின் ஜாமெட்ரி பாக்ஸில் சுட்டது. ஒரு இழையை நீட்டி வைத்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

“ஒன்பது.”

“ஒரு மில்லிமீட்டர்தானே?”

“இன்றைக்கு ஒரு மில்லிமீட்டர் தம்பி, நாளைக்கு?”

அடுத்து என் தட்டுக்கு வந்தார். நான் வாங்கியது பீச்சி. மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துக் கையால் திரிக்கிற தடித்த நூடுல்ஸ். மேலே பெக்கரினோ பாலாடைக்கட்டியும் மிளகும். “பீச்சி சியன்னா பக்கத்து மாப்பிள்ளை. இந்த சாஸ் ரோமாபுரிப் பெண். ஜாதகம் பார்க்காமல் பண்ணின கல்யாணம்!”

“மிளகு?” என்றேன்.

“அது அந்தக் காலத்தில் முசிறியிலிருந்து ரோமாபுரிக்குக் கப்பலேறின நம்ம சரக்கு.”

“அப்போ பெண் வீட்டாரில் நாமும் உண்டு.”

பண்டிதர் இதை எதிர்பார்க்கவில்லை. சந்தோஷத்தில் சேர நாட்டுத் துறைமுகங்களைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். நான் மாப்பிள்ளையையும் பெண்ணையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தேன்.

அவர் தட்டில் ஆவி அடங்கிவிட்டது. கறிக்குழம்பை இழைகளே குடித்துவிட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கடைசியில் அவர் முள்கரண்டியைக் குத்தித் தூக்கியபோது டாலியாடெல்லே பின்னின ஜடை மாதிரி மொத்தமாக எழுந்து வந்தது. அகலம் எப்படியும் 80 மில்லிமீட்டர் இருக்கும். ஸ்கேலை அவர் ஏற்கெனவே உள்ளே வைத்துவிட்டார்.

உங்களுக்கும் இப்படி ஒருவர் வாய்த்தால் ஒன்று செய்யுங்கள். அவருக்கு எதிரே உட்காராதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். பேச்சு சூடு பிடித்து, தட்டில் சூடு ஆறுவதற்குள் உங்கள் முள்கரண்டி எட்டும்.