பற்று எது, வரவு எது?

கேள்வி: பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வணிகவியல், கணக்குப்பதிவியல் டியூஷன் எடுக்கிறேன். பற்று, வரவு என்றாலே முழி பிதுங்குகிறார்கள். என்ன செய்ய?
– டியூஷன் டீச்சர், தேனி

பதில்: பிள்ளைகள் மேல் தப்பில்லை. பேங்கில் 100 ரூபாய் கட்டினால் பாஸ்புக்கில் 'வரவு' என்று அடித்துத் தருகிறார்கள். நம் ஏட்டிலோ, அதே 100 ரூபாய்க்கு பேங்க் கணக்கில் 'பற்று' எழுதச் சொல்கிறோம். பாஸ்புக் என்பது பேங்க் தன் பக்கமிருந்து எழுதும் கணக்கு. நம் பணம் அவர்களுக்குக் கடன். இதைச் சொல்லாமல் விதியை மட்டும் உருப்போட வைத்தால் முழி பிதுங்காமல் என்ன செய்யும்?

தெருமுனை அண்ணாச்சி கடை நோட்டைக் காட்டுங்கள். 'மாடி வீட்டு டீச்சர், துவரம்பருப்பு அரைக் கிலோ, பற்று.' பெறுபவருக்குப் பற்று, தருபவருக்கு வரவு. விதி முடிந்தது. (முந்தின நாளே உங்கள் பாக்கியைத் தீர்த்துவிடுவது மரியாதை.) இப்படிப் பற்றும் வரவுமாக எழுதும் இரட்டைப் பதிவு முறையை 1494-இல் அச்சேற்றிய லூகா பாசியோலி ஒரு துறவி. துறவிக்கு ஏது மளிகைப் பாக்கி!

வணிகவியலில் ஃபேயாலின் 14 மேலாண்மைக் கோட்பாடுகளா? கல்யாணப் பந்திக்குக் கூட்டிப்போங்கள். பெண்வீட்டு மாமா "பாயசம் போடுப்பா" என்பார், மாப்பிள்ளை வீட்டுச் சித்தப்பா "மோர் எங்கேடா?" என்பார். ஒருவருக்கு ஒரே மேலதிகாரி ஏன் வேண்டும் என்பதை வாளியோடு நடுவில் நிற்கும் பையன் சொல்வான்.

மூன்று மாத ஃபீஸ் தராத வீட்டை எந்தப் பக்கம் எழுதுவது என்கிறீர்களா? இப்போதைக்குப் பற்று. வாராக்கடன் பாடம் வரட்டும், பார்க்கலாம்.