கவிழ்த்துப் பார்க்கும் மாமா

காபி ஆறட்டும் என்றுகூட மாமா காத்திருக்க மாட்டார். கோப்பையைக் காதளவுக்குத் தூக்கி, கழுத்தைச் சாய்த்து, அடியில் என்ன முத்திரை என்று பார்த்தாக வேண்டும். அவர் வேட்டியில் இருக்கும் கறைகளை வைத்தே ஊரில் எந்தெந்த வீட்டில் பழைய பீங்கான் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

பெண் பார்க்கப் போன இடத்திலும் இதே கதைதான். எல்லோரும் பெண்ணைப் பார்க்க, இவர் சொஜ்ஜியையும் பஜ்ஜியையும் பக்கத்துத் தட்டில் தள்ளிவிட்டுத் தன் தட்டைக் கவிழ்த்தார். பெண்ணின் அப்பா தயங்கித் தயங்கி, "உங்களுக்குத் திருப்திதானே?" என்று கேட்டார். "நல்ல பழசு. ஆனா மூளிங்க" என்றார் மாமா, தலையைத் தூக்காமல். வெளியே வந்து காரில் ஏறும்வரை யாரும் பேசவில்லை. ஏறியதும் அவர்தான் ஆரம்பித்தார்: "அடியில நிப்பான்னு போட்டிருக்குடா! 1921-லயே அமெரிக்காக்காரன், 'நிப்பான்னு போடாதே, ஜப்பான்னு போடு'ன்னுட்டான். அப்ப இது அதுக்கும் முன்னாடி வந்ததா இருக்கணும். ஓரம் மட்டும் போகாம இருந்திருந்தா...!" சம்பந்தம் போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தால் தப்பிக்கலாம் என்று அம்மா ஒருமுறை முயன்றாள். அதையும் திருப்பி, பொறித்திருந்த பெயரைப் படித்து, அதை வைத்துக்கொடுத்த குடும்பத்தின் சொத்துத் தகராறு வரை பேசிவிட்டுப் போனார்.

ஜாடி என்றால் விரல் முட்டியால் தட்டுவார். 'டங்' என்றால் முகம் மலரும். 'டொக்' என்றால் எங்கோ கீறல் ஓடியிருக்கிறது என்று டார்ச்சை எடுப்பார்.

அந்த ஜாடிகளைப் பற்றி அவர் பேசும்போது மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கலாம். சூளை 1,200 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும்போது உள்ளே உப்பை வீசுவார்களாம். உப்பு ஆவியாகி, அதிலுள்ள சோடியம் களிமண்ணின் சிலிக்காவோடு சேர்ந்து, ஜாடிக்குக் கண்ணாடித் தோலாகப் படிந்துவிடும். அதனால்தான் மாங்காய்ப் புளிப்பும் உப்பும் வருஷக்கணக்கில் ஊறினாலும் ஜாடியை அரிப்பதில்லை. "ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியா இருக்கு பாருங்க, அது உப்பு போட்ட கையெழுத்து" என்று தடவிக் காட்டுவார். அவரைக் கண்டாலே ஆகாத என் அம்மாகூட கரண்டியோடு நின்று கேட்பாள்.

இத்தனையும் தெரிந்த மனிதர் வாங்கப் போகும்போது எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார். மேலே காபி நிறம், கீழே வெள்ளை, இடுப்பளவு ஜாடி. "ஆச்சி, சும்மாதானே கெடக்கு? உடைஞ்சா கால்லதான் குத்தும்" என்பார். பதிலுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி. ஆச்சிக்கு வாளி பிடித்துப்போகிறது. அடுத்த மாதம் அதே ஜாடி சென்னையில் ஏதோ ஓட்டல் வாசலில் 'செட்டிநாட்டுப் பாரம்பரியம்' என்ற அட்டையோடு நிற்கிறது.

ஜாடியின் வயது ஆளைப் பொறுத்தது. 100 வயதான கலைப்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று 1972-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆகவே உள்ளூர்க்காரர் கேட்டால் ஜாடிக்கு 120 வயது. சிங்கப்பூரிலிருந்து வந்தவர் கேட்டால், "90-தான் சார் இருக்கும், தைரியமா எடுத்துட்டுப் போங்க."

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அடி முத்திரையைப் பார்த்து ஆண்டைச் சொல்கிறவருக்கு விலை தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் வாளியை நீட்டுகிறார். அறியாமல் ஏமாற்றுகிறவனைக்கூட மன்னித்துவிடலாம்.

உங்கள் வீட்டிலும் அப்படியொரு ஜாடி இருந்தால், "சும்மாதானே கெடக்கு" என்று அவர் ஆரம்பிக்கும்போதே உள்ளே ஒரு மரக்கால் கல்லுப்பைக் கொட்டி வையுங்கள். விற்றே ஆக வேண்டுமென்றால், முதலில் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு ஒரு நடை போங்கள். பழஞ்சாமான் கடைகளில் அதே ஜாடிக்கு என்ன விலை சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வந்து மாமாவிடம் பேசுங்கள்.