டாக்டர் இல்லலே, கடன்காரன்!

எலே பேராண்டி, பி.காம். படிக்கிற மவராசா, இங்கிட்டு வா. பேரேட்டுல இடது பக்கத்து உச்சியில ‘டி.ஆர்.’னு எழுதுதியே, அது என்னது? டெபிட்டா? சரி, டெபிட்டுங்கிற எழுத்துக்கூட்டுல ‘ஆர்’ எங்கன கெடக்கு, காட்டு பாப்போம். முழிக்காத. டாக்டர்னு மட்டும் சொல்லித் தொலைச்சிராத, வாத்தியார் ஊசி போட்ருவாரு.

அது டெப்டர்லே, கடன்காரன்! தலையும் வாலும் மிஞ்சி நடுவயிறு போயிட்டு. எதிர்ப்பக்கத்து ‘சி.ஆர்.’ கிரெடிட்டர், கடன் குடுத்த புண்ணியவான். லத்தீனுல கிரெடிட்னா ‘நம்புதான்’னு அர்த்தம். ஏமாறுதான்னு எழுத வெக்கப்பட்டிருப்பானுவ போல.

இப்படி இடதும் வலதுமா எழுதுத இரட்டைப் பதிவு, இத்தாலியில ஜெனோவா நகரசபைக் கணக்குல 1340லேயே இருக்கு. 1494ல வெனிஸ்ல லூக்கா பச்சோலி அந்த முறையை அச்சுல ஏத்துனாரு. அவரு கண்டுபிடிச்சதுன்னு பரீச்சையில எழுதாத. வெனிஸ் யாவாரிக செஞ்சுக்கிட்டிருந்ததை விளக்குனாரு, அம்புட்டுதான். பிரான்சிஸ்கன் துறவி. கணக்கைத் தொடங்குமுன்ன கடவுள் பேரை எழுதச் சொல்லியிருக்காரு. துறவிக்கு எதுக்கு லாபக் கணக்குன்னு கேக்கியா? நம்மூர்ச் சாமியாருகளப் பாத்தபெறகும் கேக்கியே, பாவம்லே நீ.

மொதல்ல ஆளு பேருலதான் பக்கம் இருந்துச்சு. வாங்கிட்டுப் போனவன் இடது பக்கம், குடுத்தவன் வலது பக்கம். நம்ம பலசரக்குக் கடைப் பற்று வரவும் அதே சோலிதான். பெறகு சரக்கு, பணப்பெட்டி எல்லாத்தையும் ஆளாவே பாவிச்சானுவ. பெட்டிக்குள்ள நூறு ரூபா போச்சா? பெட்டி வாங்கிக்கிட்டு, அப்ப அதுவும் கடன்காரன்! அதான் ரொக்கம் வந்தா டெபிட். நீ மனப்பாடம் பண்ணுத விதியெல்லாம் இந்த ஒத்தைக் கிறுக்குத்தனத்துல பொறந்ததுதான்.

இப்ப போனை எடு. ‘உங்கள் கணக்கில் கிரெடிட்’னு பேங்குக்காரன் சேதி அனுப்பினா குதிக்கியே, அது அவன் ஏடுலே. அவன் ஒனக்குக் குடுக்க வேண்டிய கடன்னு அவனே எழுதிக் குடுக்கான். கடன் குடுத்த ஆளு நீ, கவுண்டர் முன்னால கையைக் கட்டிக்கிட்டு நிக்கியே, வெவரங்கெட்டவனே!

ஆனா அந்தப் பளபள அட்டை வாங்கிவச்சிருக்கியே, அதுக்குக் கிரெடிட் கார்டுன்னு பேரு வச்சதுல மயங்கிராத. அதைத் தேச்சதும் பேங்கு ஏட்டுல ஒன் பேரு இடது பக்கத்துக்குப் போயிரும். கெடுத்தேதிக்குள்ள முழுசாக் கட்டிரு. ஒங்கப்பனைக் கேக்காத, அவன் ஏற்கெனவே எனக்கு டி.ஆர்.