மருமகனே, வம்புக்குப் போறதுன்னா பென்ட்லியைப் பார்த்துப் போ

படிச்ச மனுசன் பரம சாது, பாதிரியார் அதைவிடச் சாதுன்னு எவனோ உன்னை நம்ப வச்சிருக்கான், மருமகனே. ரிச்சர்ட் பென்ட்லி ரெண்டுமா இருந்தவரு. 1662ல யார்க்‌ஷயர் பக்கம் பிறந்தாரு. கிரேக்கமும் லத்தீனும் கரைச்சுக் குடிச்சவரு. சாதுத்தனம் மட்டும் கிட்டயே அண்டலை.

ஃபலாரிஸ்னு பழைய சிசிலி ராசா எழுதின கடுதாசின்னு ஒரு கட்டை இங்கிலாந்துப் பெரிய மனுசங்க தலையில தூக்கி வச்சு ஆடினாங்க. சார்லஸ் பாயில்ங்கிற பிரபு வீட்டுப் பிள்ளை 1695ல அச்சே போட்டுட்டாரு. பென்ட்லி கேட்டது சின்னக் கேள்விதான். ராசா செத்து இருநூறு வருசத்துக்கு மேல கழிச்சுக் கட்டின ஊரு, அவர் கடுதாசியில எப்படி வந்துச்சு? டோரிக்ங்கிற கிரேக்க வழக்கைப் பேசுற சீமையில இருந்துக்கிட்டு ஏதென்ஸ்காரன் பேச்சுல ஏன் எழுதினாரு? 1699ல கட்டு மொத்தமும் போலின்னு நிரூபிச்சுட்டாரு. எதிர்த்தரப்புக்குக் கேலிதான் மிச்சம். எழுத்தாளர் ஸ்விஃப்ட்கூட அந்தக் கும்பல்தான்.

இந்தக் கெட்டிக்காரத்தனத்தை அப்படியே எடுத்துக்க. 1732ல செஞ்சதை மட்டும் எடுத்துக்காதே. மில்டனோட ‘பாரடைஸ் லாஸ்ட்’ல எவனோ கை வச்சுட்டான், பாவம், கண்ணு தெரியாத கவிஞன் ஏமாந்துட்டான்னு சொல்லி, இவரே வரிக்கு வரி திருத்திப் போட்டாரு. கை வச்சவனைத் தேடிக் கண்ணாடியைப் பார்த்திருந்தா அப்பவே அகப்பட்டிருப்பான்.

இனி காரியத்துக்கு வா. 1700ல கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரிக்குத் தலைவரானாரு. கூட இருந்த ஆசிரியமாருங்களோட ஓயாத சண்டை. 1714ல ஈலி பிசப்பு விசாரிச்சாரு. தீர்ப்புச் சொல்றதுக்குள்ள பிசப்பே போய்ச் சேர்ந்துட்டாரு. 1718ல பல்கலைக்கழகம் பட்டங்களைப் பிடுங்குச்சு. கோர்ட்டு 1724ல வாங்கிக் கொடுத்துச்சு. 1734ல வேற பிசப்பு, ‘பதவியை விட்டு இறங்கு’ன்னு தீர்ப்பே எழுதிட்டாரு. அதை நிறைவேத்த வேண்டியவரு கல்லூரித் துணைத்தலைவர் ரிச்சர்ட் வாக்கர். அவரு யாரு? பென்ட்லியோட ஆளு. அசையவே இல்லை.

அதனால, உனக்கு எதிரா எவன் தீர்ப்பு எழுதினாலும் எழுதிட்டுப் போறான். அதை எடுத்துக்கிட்டு வர வேண்டிய நாற்காலியில யாரு உக்காந்திருக்கான்னு மட்டும் பாத்துக்க. பென்ட்லி 1742ல, எண்பது வயசுல, தலைவராவே கண்ணை மூடினாரு. ட்ரினிட்டி கல்லூரிக் கோயிலுக்குள்ளேயே அடக்கம் பண்ணினாங்க.