பத்துக்குப் பதினொரு மார்க்

"இவன் மறுபடியும் வெட்டுவானா, மாட்டானா?" நீதிபதிகளின் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி இது. நம் ஊர் என்றால் ஜோசியரிடம் கேட்டுவிடலாம். ஐரோப்பாவில் ஜோசியரைக் கோர்ட்டுக்குள் விடமாட்டார்கள். அதனால் அவருக்குக் கோட்டு மாட்டி, கையில் ஓர் அளவுகோலைக் கொடுத்து, பேராசிரியர் என்று கூப்பிட்டார்கள்.

அப்படிக் கோட்டு மாட்டியவர்களில் தலையாயவர் இத்தாலியின் செசாரே லொம்ப்ரோஸோ. கலாப்ரியா பக்கத்துத் திருடர் ஒருவர், வில்லெல்லா என்று பெயர், செத்துப்போனார். அவருடைய மண்டையோட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்த லொம்ப்ரோஸோவுக்கு, பின்பக்க அடியில், மேடாக இருக்கவேண்டிய இடத்தில், சின்னப் பள்ளம் ஒன்று தட்டுப்பட்டது. அவ்வளவுதான், ஞானோதயம். இந்தப் பள்ளம் கீழ்நிலை விலங்குகளுக்குத்தானே உண்டு! ஆகவே குற்றவாளி என்பவன் பரிணாமத்தில் பஸ்ஸைத் தவறவிட்டவன். 1876-ல் இதைப் புத்தகமாகவே போட்டார். துருத்திய தாடை, பெரிய காது, நீண்ட கை, உடம்பெல்லாம் பச்சை குத்தல் என்று அங்க லட்சணப் பட்டியல் நீண்டது. நம்மில் பலர் அன்றைக்கு லொம்ப்ரோஸோவின் டூரின் நகரத் தெருவில் நடந்திருந்தால் வீடு திரும்பியிருக்க மாட்டோம்.

மேதைகளும் ஒருவகைக் கோளாறுப் பிறவிகளே என்பது அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு. அதைச் சோதித்துப் பார்க்க 1897-ல் ரஷ்யாவுக்கே போய் டால்ஸ்டாயின் வீட்டுக் கதவைத் தட்டினார். எதிர்பார்த்தது நோஞ்சான் கிழவரை. டால்ஸ்டாய்க்கு அப்போது 69-ஐத் தொடப்போகும் வயது. விருந்தாளியை விட ஏழு வயது மூத்தவர். வாருங்கள், குளிக்கலாம் என்று கூட்டிப்போய், நீச்சலில் பேராசிரியரை மூச்சு வாங்க வைத்துவிட்டுத் தன்பாட்டுக்கு முன்னே போய்விட்டார். பிறகு டைரியில், வந்தவர் புத்தி குறுகிய அப்பாவிக் கிழவர் என்கிற பொருளில் எழுதி வைத்தார். பிறவிக் கோளாறு யாருக்கு என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்திருக்கிறது.

லொம்ப்ரோஸோவின் கோட்டையை இடித்தவர் சார்லஸ் கோரிங் என்ற ஆங்கிலேயச் சிறை டாக்டர். சுமார் 3,000 கைதிகளைப் பொறுமையாக அளந்து, கல்லூரி மாணவர்களோடும் ராணுவத்தாரோடும் ஒப்பிட்டு, 1913-ல் முடிவைச் சொன்னார். கைதிகள் கொஞ்சம் குள்ளம், கொஞ்சம் ஒல்லி. மற்றபடி குற்றவாளி முகம் என்று ஒரு முகமே கிடையாது.

பிரிட்டிஷ் இந்தியா அளவுகோலுக்குக்கூடக் காசு செலவழிக்கவில்லை. பிறந்த சாதியைக் கேட்டால் போதாதா? 1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-க்குப் பிறகு மதராஸ் மாகாணத்துக்கும் நீண்டது. மதுரைப் பக்கம் அதற்கு 'ரேகைச் சட்டம்' என்று பெயர். இன்னும் செய்யாத குற்றத்துக்கு முன்கூட்டியே கைரேகை வை என்றார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில், வைக்க மாட்டோம் என்ற கள்ளர் சமூகத்தினர்மீது போலீஸ் சுட்டது. ஒரு பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். யார் ஆபத்தானவர்கள் என்ற கேள்விக்கு அன்று விடை சொன்னது துப்பாக்கி வைத்திருந்த தரப்பு. இந்த இடத்தில் எனக்குக் கிண்டல் வரவில்லை, மேலே போகிறேன்.

இருபதாம் நூற்றாண்டில் வேலை மனநல மருத்துவர்களிடம் வந்தது. நியூயார்க் மாநிலம், தண்டனைக் காலம் முடிந்தவர்களையும் 'ஆபத்தானவர்கள்' என்று சொல்லிச் சிறைப் பாதுகாப்புள்ள மனநல மருத்துவமனைகளில் பூட்டி வைத்திருந்தது. ஜானி பாக்ஸ்ட்ராம் என்பவர் வழக்குப் போட்டார். 1966-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது தப்பு என்றது. விளைவு, 967 பேரைச் சாதாரண மனநல மருத்துவமனைகளுக்கு மாற்றவேண்டியதாயிற்று. ஊழியர்கள் நடுங்கினார்கள். ஆய்வாளர்கள் நோட்டுப் புத்தகத்தோடு காத்திருந்தார்கள். நாலு வருஷம் கழித்துப் பார்த்தால், திரும்பவும் பலத்த பூட்டுக்குள் போடவேண்டி வந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை.

டாக்டர்கள் கொஞ்சம் அடக்கி வாசித்திருக்கலாம். டெக்ஸாஸ் விடவில்லை. அங்கே 1973-ல் ஒரு சட்டம் போட்டார்கள். ஒருவருக்கு மரண தண்டனை கொடுக்க வேண்டுமானால், அவர் வருங்காலத்திலும் வன்முறை செய்யக்கூடும் என்று ஜூரி நம்ப வேண்டும். கடந்த காலத்துக்குச் சாட்சி இருக்கும். வருங்காலத்துக்கு யார் சாட்சி?

நான் சாட்சி என்று வந்தார் டல்லாஸ் நகரத்து ஜேம்ஸ் கிரிக்ஸன். மனநல மருத்துவர். பத்திரிகைகள் வைத்த பெயர் 'டாக்டர் டெத்'. நூற்றுக்கும் மேற்பட்ட மரண தண்டனை வழக்குகளில் கூண்டேறியவர். 'ஒருவேளை', 'இருக்கலாம்' போன்ற சொற்கள் அவர் அகராதியில் இல்லை.

1976-ல் ராண்டல் ஆடம்ஸ் என்பவரை, போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றதாகப் பிடித்தார்கள். கிரிக்ஸன் ஜெயிலுக்கு வந்தார். சில உருவங்களைக் கொடுத்து, பார்த்து வரையச் சொன்னார். பிறகு, உருளும் கல்லில் பாசி பிடிக்காது என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார். கையில் இருக்கும் ஒரு பறவை புதரில் இருக்கும் இரண்டுக்குச் சமம் என்றால்? ஆடம்ஸ் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். மொத்தமே அரைமணி நேரத்துக்குள் சோலி முடிந்தது. கூண்டில் ஏறிய டாக்டர், இந்த ஆள் வெளியே இருக்கும்வரை சமூகத்துக்கு ஆபத்து என்று அடித்துச் சொன்னார். பழமொழிக்குப் பொழிப்புரை சரியில்லை என்பதற்காக எட்டாம் வகுப்பில் நம்மைப் பெஞ்சுமேல்தான் நிற்க வைத்தார்கள்.

அதே கோர்ட்டில் அரசுத் தரப்பின் நட்சத்திரச் சாட்சியாக உட்கார்ந்திருந்தவன் டேவிட் ஹாரிஸ். கொலை நடந்தபோது 16 வயது. போலீஸ்காரனைச் சுட்டது நான்தான் என்று ஊரில் கூட்டாளிகளிடம் பீற்றிக்கொண்டவன். அவனிடம் யாரும் பழமொழி கேட்கவில்லை.

1979-ல் மரண தண்டனை நாளுக்கு மூன்றே நாள் இருக்கும்போது ஆடம்ஸின் தலை தப்பியது. பிறகு ஆயுள் தண்டனையானது. எர்ரல் மாரிஸ் என்ற சினிமாக்காரர் கிரிக்ஸனைப் பற்றிப் படமெடுக்க டல்லாஸ் வந்தார். நான் சாட்சி சொன்ன ஆட்களையும் போய்ப் பாருங்களேன் என்று டாக்டரே பெருந்தன்மையோடு அனுப்பி வைத்தார். போன இடத்தில் ஆடம்ஸ் கிடைத்தார். டாக்டரைப் பற்றிய படம் கொலையைத் துப்புத் துலக்கும் படமாக மாறி 1988-ல் வெளிவந்தது. அடுத்த வருஷம் ஆடம்ஸ் விடுதலை. ஹாரிஸ் இதற்குள் வேறொரு கொலை செய்து முடித்திருந்தான். அதற்காக 2004-ல் அவனுக்கு ஊசி போட்டார்கள். அதே வருஷம் கிரிக்ஸனும் காலமானார்.

இதைவிடப் பெரிய கூத்து தாமஸ் பேர்ஃபுட் வழக்கு. அதுவும் போலீஸ்காரர் கொலைதான். இந்த முறை கிரிக்ஸன் ஆளைப் பார்க்கக்கூட இல்லை. 'இப்படி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்' என்று அரசு வழக்கறிஞர் கதை சொன்னார். டாக்டர் உத்தரவு சொன்னார். ஒன்று முதல் பத்துவரை ஆபத்தை அளந்தால், இவர் பத்துக்கும் மேலே. மறுபடி வன்முறை செய்ய நூற்றுக்கு நூறு வாய்ப்பு.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமே உச்ச நீதிமன்றத்துக்கு ஓடிவந்தது. ஐயா, எங்கள் ஆட்கள் இந்த மாதிரி நீண்டகால ஆரூடம் சொன்னால் மூன்றுக்கு இரண்டு தப்பாகப் போகிறது, நம்பாதீர்கள் என்று எழுதிக் கொடுத்தது. சரக்கு சரியில்லை என்று கடைக்காரனே கெஞ்சுகிறான். 1983-ல் நீதிமன்றம் கடைக்காரனைத் தேற்றி அனுப்பியது. டாக்டர்கள் எப்போதுமே தவறு என்று யாரும் சொல்லவில்லையே, பெரும்பாலான நேரம் தவறு என்றுதானே சொல்கிறீர்கள்? குறுக்கு விசாரணையில் ஜூரி உமியைப் புடைத்துக்கொள்வார்கள். ஆறு நீதிபதிகள் இப்படி. மூன்று பேர் மறுத்தார்கள். 1984 அக்டோபரில் பேர்ஃபுட்டின் கதை முடிந்தது. நோயாளியைப் பார்க்காமலே நோயைச் சொன்னதற்கும், நூறு சதவீதம் அளந்து கொடுத்ததற்கும் சங்கம் கிரிக்ஸனை 1995-ல் வெளியேற்றியது. அதற்குப் பிறகும் அவர் கூண்டேறுவதை நிறுத்தவில்லை. தெரியாது என்று சொல்லும் நேர்மையான டாக்டருக்கு எந்த வக்கீல் ஃபீஸ் கொடுப்பார்?

உள்ளுணர்வை நம்பினால்தானே வம்பு, கணக்குப் போடுவோம் என்று கிளம்பினார்கள் கனடாக்காரர்கள். ஒன்டாரியோவில் ஓக் ரிட்ஜ் என்ற காவல் மருத்துவமனை. அறுபதுகளில் அங்கே சைக்கோபாத்துகளைத் திருத்த, ஜன்னல் இல்லாத சின்ன அறையில் நிர்வாணமாக உட்கார வைத்து, எல்எஸ்டி கொடுத்து, சுவரில் செருகிய குழாய் வழியாகத் திரவ உணவு உறிஞ்ச வைத்து, ஒருவரோடு ஒருவர் மனம் திறந்து பேசச் சொன்னார்கள். பிற்பாடு கணக்கெடுத்தபோது, இந்தச் சிகிச்சை பெற்ற சைக்கோபாத்துகள், பெறாமல் சிறைக்குப் போனவர்களைவிட அதிகமாக வன்முறை செய்திருந்தார்கள். மற்றவர்களின் மனதை அறியும் கலையை நன்றாகக் கற்றுக்கொண்டு போயிருக்கிறார்கள் போல.

அந்த மருத்துவமனைக் கோப்புகளைக் கிண்டி, 1993-ல் 12 கேள்வி கொண்ட 'வ்ராக்' என்ற மார்க் அட்டையைச் செய்தார்கள். பள்ளிக்கூடத்தில் சேட்டை செய்தாயா, 16 வயதுவரை அப்பா அம்மா இருவரோடும் இருந்தாயா, கல்யாணம் ஆனதா. இதுவரை சரி. அடிபட்டவர் செத்துப்போயிருந்தால் மார்க் குறையும். காயமே படாவிட்டால் ஏறும்! கணக்கில் பிழை எதுவும் இல்லை, அந்தக் கோப்புகளில் அப்படித்தான் வந்தது. ஆனால் இதை ஒரு ஜூரியிடம் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு சொல்லவேண்டிய நிபுணர்தான் பாவம்.

ஜோசியர் கடைசியாகக் கம்ப்யூட்டருக்குள் குடிபுகுந்தார். 'காம்பஸ்' என்ற மென்பொருள் 137 கேள்வி கேட்டு ஆபத்து மார்க் போடும். எப்படிப் போடுகிறது என்று கேட்டால், வியாபார ரகசியம். விஸ்கான்சினில் லூமிஸ் என்பவர், தெரியாத சூத்திரத்தால் எனக்குத் தண்டனையா என்று கேட்டார். 2016-ல் மாநில உச்ச நீதிமன்றம், பயன்படுத்தலாம், ஆனால் அதை மட்டுமே வைத்து முடிவெடுக்காதீர்கள், கூடவே இதன் குறைபாடுகளைப் பட்டியலிட்டு ஓர் எச்சரிக்கைக் குறிப்பு இணைத்துவிடுங்கள் என்றது. இரண்டு வருஷம் கழித்து டார்ட்மத் கல்லூரியில் இருவர் சோதித்தார்கள். இணையத்தில் கூலிக்குப் பிடித்த சாதாரண ஆட்கள் சின்னக் குறிப்பைப் படித்துச் சொன்ன ஆரூடமும் காம்பஸும் ஏறக்குறைய ஒரே மார்க், நூற்றுக்கு 65 பக்கம். வயது என்ன, முன்பு எத்தனை வழக்கு என்ற இரண்டே தகவலை வைத்துப் போட்ட கணக்கும் அதே 65 பக்கம்தான் வந்து நின்றது.