கண்ணாடியும் பெட்டியும்

ஐயா, கண்ணாடியைப் பார்த்துப் பெண்கள் வருந்தினால், அதற்குத் தொலைக்காட்சியை ஏன் குறை சொல்கிறீர்கள்?

கண்ணாடி பீஜித் தீவில் வெகுகாலமாக இருந்ததே, அப்போது வராத வருத்தம் பிறகு ஏன் வந்தது? புஷ்டியான சரீரமே லட்சணம் என்று போற்றி வந்த அத்தீவின் நத்ரோகாப் பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்து சேர்ந்ததும், பள்ளி மாணவியரை ஆராய்ந்த ஆன் பெக்கர் குழுவினர், மெலிவதற்காக உண்ட உணவை வலிய வாந்தியெடுக்கும் வழக்கம், முன்பு தாம் விசாரித்தவர்களில் ஒருவரிடமும் காணப்படாதது, 1998இல் நூற்றுக்குப் பதினொருவரிடம் குடிபுகுந்திருக்கக் கண்டார்கள்.

கண்ணாடி உள்ளதைக் காட்டியது. பெட்டியோ இல்லாததைக் காட்டி, உள்ளதை இகழக் கற்பித்தது. அங்கே முதலில் இளைத்தது தேகமன்று, தன்மதிப்பு. ஆகையால், பெண் குழந்தையிடம் “நீ அழகு” என்று சொல்லும் முதற்குரல், பெட்டியின் குரலுக்கு முந்திய வீட்டின் குரலாக இருக்கட்டும்.