நிஷாதம் லீவில் போன கதை

பாட்டுக் கற்றுக்கொள்ள உட்கார்ந்த குழந்தையின் கண்ணில் பல மாத காலம் பாட்டு என்பதையே காட்டாமல் வைத்திருப்பதுதான் நமது சங்கீத சிட்சையின் விசேஷம் என்று நான் வெகுநாளாக அபிப்பிராயம் கொண்டிருக்கிறேன். ஸரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, பிறகு ஏழு தாளங்களிலும் அலங்காரம் என்று ஏறிக்கொண்டே போனால்தான் முதல் கீதம் தரிசனம் தரும். அதற்குள் குழந்தை இளைத்தாலும் இளைக்காவிட்டாலும், கூடத்தில் பத்திரிகையும் கையுமாக அமர்ந்திருக்கும் தகப்பன் இளைத்துவிடுகிறான்.

இந்தப் பாடங்களை வகுத்தவர் என்று சம்பிரதாயம் கொண்டாடும் புரந்தரதாசர், ஹரிதாசராவதற்கு முன்பு லேவாதேவி நடத்திய பெரும் தனவந்தர் என்று சொல்வார்கள். எனக்கு அதில் லவலேசமும் சந்தேகமில்லை. முதற் காலத்தில் பாடியதை இரண்டாம் காலத்தில் இரட்டிப்பாகவும் மூன்றாம் காலத்தில் நாலு மடங்காகவும் கட்டச் சொல்லும் யோசனை, வட்டிக் கணக்கு அறியாத ஒருவருக்கு உதித்திருக்க முடியாது.

ஆனாலும் அவருடைய சாமர்த்தியத்தை மெச்சாமல் தீராது. இந்தப் பாடங்களுக்கு அவர் தேர்ந்தெடுத்த ராகம், 15-வது மேளமாகிய மாயாமாளவகௌளை; அதில், ஸட்ஜத்திலிருந்து மத்தியமம் வரையில் ஸ்வரங்கள் எப்படி நெருங்கியும் விலகியும் நிற்கின்றனவோ, பஞ்சமத்திலிருந்து மேல் ஸட்ஜம் வரையிலும் அப்படியே நிற்பதால், பாதியைப் பிடித்துக்கொண்ட தொண்டை மீதியையும் பிடித்துக்கொள்ளும். (எங்கள் விஷயத்தில், என் மகள் பாதியைப் பிடிப்பதற்குள் முழுவதையும் அடுத்த வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டுவிட்டார், க்ஷவரம் செய்துகொள்ளும்போது அவர் தவறாமல் ஜண்டை வரிசை பாடுகிறார்.)

"ஒரு பாட்டு ஆரம்பித்து வைக்கக் கூடாதா, ஸார்?" என்று பாட்டு வாத்தியாரிடம் விண்ணப்பித்தேன்.

"கண்டம் திறக்கட்டும்" என்றார் அவர்.

"அதற்குள் எங்கள் காது அடைத்துவிடுமே!"

என் காதை உத்தேசித்தோ தம்முடைய காதை உத்தேசித்தோ, விஜயதசமியன்று அவர் மனம் இளகி, மலஹரி ராகத்தில் ரூபக தாளத்தில் அமைந்த பிள்ளையார் கீதத்தைத் தொடங்கினார். அன்று நடந்ததை அதிசயம் என்றே சொல்ல வேண்டும். ஸ்வரமாகப் பாடும்போது எவ்வளவு மிரட்டினாலும் ஓரிடத்தில் நில்லாத தைவதம், ஸாஹித்தியத்தோடு கூப்பிட்டதும் தானே வந்து நின்றது. தாளம் போட மறுத்த கை, கிணற்றடியிலும் சாப்பாட்டு இலையின் முன்னும் ஓயாமல் தாளம் போட்டது. மறுவாரம் அவள் திடீரென்று பாட்டை நிறுத்தினாள்.

"ஸார், இந்தப் பாட்டிலே 'நி'யே வரலையே?"

வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஸரளி வரிசையை எத்தனை முறை உருப்போட்டும் வராத கேள்வி அது. பாட்டின் ருசியில் காது தானாகவே கண்டுபிடித்தது.

"மலஹரிக்கு நிஷாதம் கிடையாதம்மா. காந்தாரம்கூட இறங்கும்போதுதான் வரும்."

"அப்போ 'நி'க்கு லீவா?"

"லீவுதான், லீவுதான்!" என்று ஆனந்த மிகுதியில் அவர் சற்று அஜாக்கிரதையாக ஒப்புக்கொண்டுவிட்டார்.

அடுத்த பாடத்தன்று ஸரளி வரிசையில் ஆரோஹணம், அவரோஹணம் இரண்டிலும் நிஷாதம் மாயமாகியிருந்தது. கேட்டதற்கு, "நீங்கதானே லீவு கொடுத்தீங்க?" என்றாள். வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் பத்திரிகையை அகல விரித்துக்கொண்டேன். அன்று காலை அடுத்த வீட்டில் மட்டும் நிஷாதம் ஒழுங்காக ஆஜராயிற்று.